ஸ்கோர் என்ன என்று சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் விளையாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடி கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கும் முன்பிருந்தே வானொலி கேட்பவன்.

என் அப்பா மதுரை செல்லூரில் தறி நெய்தவர். குழித்தறியில் உட்கார்ந்துவிட்டால் கையும் காலும் ஓயாது, கண் நூலை விட்டு நகராது. காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதுக்காகச் சுவரில் ஆணி அடித்து ஒரு டிரான்சிஸ்டரை மாட்டியிருந்தார். சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் என்றால் தமிழில் வர்ணனை செய்த கூத்தபிரானின் குரலும் அப்துல் ஜப்பாரின் குரலும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். அப்பா கிரிக்கெட் மட்டையைத் தொட்டதே இல்லை. ஆனாலும் பந்து எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் துரத்துகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விக்கெட் விழுந்தால் தறிச் சத்தம் நின்றுவிடும். அது நின்றதை வைத்தே அடுப்படியிலிருந்து அம்மா, “யார் அவுட்டு?” என்று கேட்பார். நல்ல வர்ணனை என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தத் தறி நின்ற நொடிதான்.

இப்போது விளையாட்டு நிகழ்ச்சியைத் திருப்பினால் உற்சாகம் நிறைய இருக்கிறது, ஸ்கோர் இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நடுவில் கேட்கத் தொடங்குகிறவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா? அவருக்கு யார் யாரோடு ஆடுகிறார்கள் என்பதே தெரியாது. அமெரிக்காவில் பேஸ்பால் வர்ணனை செய்த ரெட் பார்பர், முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் சின்ன மணற்கடிகாரம் ஒன்றைத் தன் எதிரில் வைத்திருப்பார். மூன்று நிமிடத்தில் மணல் இறங்கிவிடும். உடனே ஸ்கோரைச் சொல்லிவிட்டு அதைத் திருப்பி வைப்பார். அவ்வளவுதான் வேலை. ஸ்கோரைச் சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள். ஏற்கெனவே கேட்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அண்மையில் ஒரு நேயர் உசிலம்பட்டியிலிருந்து ஒரு நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் கபடி பற்றிப் பேசினார். எதிரணியில் மூன்று பேர்தான் மிச்சம். பாடி வருகிறவரைப் பிடித்துவிட்டால் அவர்களுக்குக் கூடுதல் புள்ளி. அது தெரிந்தும் பாடிப் போகிறவர் ஏன் அவ்வளவு உள்ளே போகிறார் என்று கேட்டார். எவ்வளவு அருமையான கேள்வி! தொகுப்பாளர் “சூப்பர்” என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பிடித்த நடிகர் யார் என்று கேட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. அந்த மூன்று பேரையும் வெளியேற்றிவிட்டால் எதிரணியே காலி, அதுதான் லோனா. அதற்கு மேலும் இரண்டு புள்ளி. அந்த ஆசைதான் அவரை உள்ளே இழுக்கிறது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். பதில் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. தெரிந்த பயிற்சியாளர் ஒருவரை அழைத்துக் கேட்டிருக்கலாம். செல்லூரில் கபடி வீரர்களுக்குச் சிலை வைத்து ரவுண்டானா கட்டியிருக்கிறோம். கபடி பற்றி விவரம் சொல்ல இந்த ஊரில் ஆளா இல்லை?

ஜல்லிக்கட்டுக்கும் இதுவேதான். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் “பிரமாதம், பிரமாதம்” என்றால் வீட்டில் இருப்பவருக்கு என்ன தெரியும்? வாடிவாசலிலிருந்து வந்த மாட்டின் நிறம் என்ன, காரியா, மயிலையா, செவலையா? எந்த ஊர் மாடு? வீரர் பிடித்தது திமிலையா, தவறிப்போய் வாலையா? கடைசிவரை விடாமல் நின்றாரா? இதைச் சொன்னால் ‘பிரமாதம்’ என்பதைக் கேட்கிறவரே சொல்லிக்கொள்வார். நடுநடுவே சற்றுப் பேசாமலும் இருக்கலாம். கூட்டத்தின் இரைச்சல் கேட்கட்டும். அதுவும் செய்திதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். 2025-இல் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்தபோது நான் கேட்டவற்றை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதற்கு இன்று நேரமில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி விளையாட்டு முடிவுகளை வாசிக்கும்போது பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் முன்பே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி நீளம் தாண்டுதலில் முதலிடம் வந்திருப்பாள். அவள் பெயரை வானொலியில் கேட்க வீட்டில் எல்லோரும் கூடியிருப்பார்கள். வணக்கம்.