பீம் என்றொரு எடைக்கல்

நேயர்களுக்கு வணக்கம். எபிரேய வேதாகமத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வருகிற ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். சொல் 'பீம்'. மூன்றே எழுத்து: பே, யோத், மேம். வரும் இடம் 1 சாமுவேல் 13ஆம் அதிகாரம், 21ஆம் வசனம்.

அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சவுல் ராஜாவின் காலம். இஸ்ரவேல் தேசம் முழுக்கத் தேடினாலும் ஒரு கொல்லன் கிடையாது. எபிரேயர், அதாவது இஸ்ரவேலர், வாளும் ஈட்டியும் அடித்துக்கொண்டுவிடுவார்கள் என்று அவர்களுடைய எதிரிகளான பெலிஸ்தியர் அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். அதனால் கலப்பைக் கொழு மழுங்கினாலும் சரி, கோடரி மழுங்கினாலும் சரி, மலையை விட்டு இறங்கிப் பெலிஸ்தியரிடம் போய்த்தான் தீட்டிக்கொண்டு வர வேண்டும். இதைச் சொன்ன கையோடு அடுத்த வசனத்தில் 'பீம்' வருகிறது. சபைகளில் வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'அரங்கள்' என்று இருக்கும். கருவிகளைக் கூராக்க அரங்கள் மாத்திரம் அவர்களிடம் இருந்ததாம். சின்ன வயதில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். கையில் அரம் இருக்கிறவர்கள் எதற்காக எதிரியிடம் போனார்கள்?

1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அரம்தான். அவர்கள் சும்மா எழுதிவிடவில்லை, தெரிந்ததை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எபிரேயத்தில் 'பே' என்றால் வாய். வாளின் கூரான விளிம்பையும் 'வாளின் வாய்' என்றுதான் சொல்வார்கள். அப்படியானால் 'பீம்' என்பது வாய்கள், பல வாய் உள்ள கருவி, அதாவது அரம். அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் ஜெரோம் என்ற அறிஞர் லத்தீனில் மொழிபெயர்த்தபோது, கொழுக்களின் முனைகள் மழுங்கிப்போயிருந்தன என்று எழுதிவிட்டார். அதற்கும் முந்தைய கிரேக்க மொழிபெயர்ப்பு இன்னும் ஆச்சரியம்: அறுவடைக்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தது, கருவிகளுக்குப் பல்லுக்கு மூன்று சேக்கல் என்கிறது. சேக்கல் என்பது அந்தக் காலத்து எடை அளவு. வசனத்தில் வேறெங்கோ தடுமாறினாலும், இது ஒரு கூலிக்கணக்கு என்ற வாசனை மட்டும் அந்தக் கிரேக்க மொழிபெயர்ப்பாளருக்கு எப்படியோ பட்டிருக்கிறது.

விடை மண்ணுக்குள் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் மெக்காலிஸ்டர் கேசேர் என்ற பழைய ஊரில் நடத்திய அகழாய்விலும், அப்புறம் யூதாவின் மற்ற ஊர்களிலும் சின்னச் சின்னக் கற்கள் கிடைத்தன. சுண்ணாம்புக்கல், அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் கவிழ்த்த கிண்ணம் போல உருண்டை. சிலவற்றின் தலையில் பழைய எபிரேய எழுத்தில் அதே மூன்று எழுத்து வெட்டப்பட்டிருந்தது. இவை எடைக்கற்கள். எபிரேயத்திலும் எடைக்கல்லுக்குப் பெயர் 'எபென்', கல் என்றே பொருள்; நாமும் இரும்பில் வந்த பிறகுகூட எடைக்கல், படிக்கல் என்றுதானே சொல்கிறோம். இந்தக் கற்களையும் சாமுவேல் புத்தகத்து வசனத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று சொன்னவர் எருசலேமில் இருந்த நாணய ஆய்வாளர் சாமுவேல் ரஃபேலி. கற்களை நிறுத்துப் பார்த்தால் 7.8 கிராமை ஒட்டி வருகிறது. ஒரு சேக்கல் 11 கிராம் சொச்சம். அப்படியானால் பீம் என்பது கிட்டத்தட்ட ஒரு சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு.

அந்தக் காலத்தில் நாணயம் கிடையாது. வெள்ளியைத் தராசில் போட்டு நிறுத்துக் கொடுப்பார்கள். சேக்கல் என்ற சொல்லே 'நிறு' என்ற வினையிலிருந்து வந்ததுதான். ஆக பீம் என்பது கூலி. கொழு தீட்ட ஒரு பீம் வெள்ளி. பழைய தமிழில் 'முக்கூருள்ள ஆயுதங்கள்' என்று வருகிற இடத்தைக்கூட இப்போது பலர் மூன்றில் ஒரு பங்கு சேக்கல் என்று படிக்கிறார்கள். வசனத்தின் முகமே மாறிவிட்டது, பாருங்கள். போனால் போகட்டும், அரமாவது இருந்ததே என்று ஆறுதல் சொல்வது போல இருந்த வரி, உழவனிடம் எவ்வளவு பிடுங்கினார்கள் என்று விலையோடு சொல்கிற வரியாகிவிட்டது. எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். அது நானூறு ஆண்டுகளுக்குப் பிந்திய விலை, நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் 25 முறை கொழு தீட்டினால் அந்த நிலத்தின் விலை வந்துவிடுகிறது. இதற்கு அடுத்த வசனத்தில், யுத்த நாளில் சவுலுக்கும் யோனத்தானுக்கும் தவிர வேறொருவர் கையிலும் வாளோ ஈட்டியோ இல்லை என்று வருகிறது. அந்தக் கூலிக்கணக்கைப் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும்.

சரி, அந்த எடைக்கு ஏன் அந்தப் பெயர்? எபிரேயத்தில் 'பீ ஷ்னாயிம்' என்று ஒரு தொடர் உண்டு, நேர்ப்பொருள் இரண்டு வாய். சகரியா 13ஆம் அதிகாரத்தில் அது மூன்றில் இரண்டு பங்கு என்ற பொருளில் வருகிறது: இரண்டு பங்கு அழியும், மூன்றாம் பங்கு மீதியாகும். 'வாய்' என்ற சொல்லே பங்கு என்ற பொருளில் அங்கே நிற்கிறது. 'பீம்' என்பதையும் 'பாயிம்' என்று, இரண்டு பங்கு என்ற இருமை வடிவமாகப் பல அறிஞர்கள் வாசிக்கிறார்கள். எபிரேயத்தில் முதலில் மெய்யெழுத்துகளைத்தான் எழுதினார்கள், உயிர்க்குறிகள் பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்க்கப்பட்டவை என்பதால் அதற்கு இடமும் இருக்கிறது. ஆக, அரம் என்று எழுதியவர்கள் 'வாய்' என்று யோசித்ததில் தவறில்லை, அது எந்த வாய் என்பதில்தான் வழி மாறிவிட்டார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தவர்கள் ஏட்டைப் படியெடுத்தவர்கள். கிடைத்த பீம் கற்கள் பெரும்பாலும் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கி.மு. 586இல் எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தது. அப்புறம் பாரசீகர் காலத்தில் நாணயம் வந்தது, பீம் கல் தராசிலிருந்தும் ஞாபகத்திலிருந்தும் போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த வசனத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அந்த மூன்று எழுத்து ஒரு புதிராகத்தான் இருந்திருக்கும். ஓர் எழுத்தை மாற்றித் தெரிந்த சொல்லாக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் பே, யோத், மேம் என்று அப்படியே எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கிறார்கள்.