காலை வாருவது வேற, ‘புல்லிங் மை லெக்’ வேற

இந்த வாரம் வந்த கேள்விகள்ல மனசை விட்டுப் போகாதது இதுதான். ஒரு நேயர் எழுதியிருக்காங்க: ‘கூட வேலை பார்க்கிறவர் கடைசி நேரத்துல காலை வாரிட்டார். “யூ புல்டு மை லெக்”னு மெயில் அனுப்பினேன். “நான் எப்போ விளையாடினேன்?”னு பதில் வருது. எங்க தப்பு?’

தமிழ்ல காலை வாருறதுன்னா நம்பினவரைக் கவிழ்த்து விடுறது. இங்கிலீஷ்ல லெக்கை இழுக்கிறதுன்னா விளையாட்டுக்கு ஒரு பொய்யைச் சொல்லி நம்ப வைக்கப் பார்க்கிறது. துரோகம்ங்கிற வாடையே அதுல கிடையாது. நீங்க எழுதியிருக்க வேண்டியது ‘யூ லெட் மீ டவுன்’. அப்புறம், ‘மை’யோட வரும்போது ‘லெக்’ ஒருமைதான். ‘லெக்ஸ்’னு போட்டா நிஜமாவே ரெண்டு காலையும் பிடிச்சு இழுத்ததா ஆயிடும்.

இதுக்கும் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. ஒரு மரபுத்தொடர்ல எதை மாத்தலாம், எதைத் தொடக்கூடாது? வழக்கமா பார்க்கிறவங்களுக்கு இந்தக் கைகழுவுற உதாரணம் தெரியும். பரவாயில்லை, இன்னொரு தடவை கேளுங்க. ‘கையைக் கழுவினான்’னா சோப்பும் தண்ணியும். ‘என்னைக் கைகழுவிட்டான்’னா அம்போன்னு விட்டுட்டான். கையோட இருந்த ‘ஐ’ போச்சு, அர்த்தமே போச்சு. இங்கிலீஷ்ல ஒரு சொல் கூட வரணும். ‘ஹி வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ்’னா கை சுத்தமாச்சு, அவ்வளவுதான். ‘ஹி வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ் ஆஃப் த ப்ராஜெக்ட்’னாதான் எனக்குப் பொறுப்பில்லைன்னு விலகிட்டார்னு அர்த்தம். ‘ஹிஸ்’ஸை ‘ஹர்’ ஆக்கலாம், காலத்தை மாத்தலாம். அந்த ‘ஆஃப்’ மட்டும் அசையாது. அதுக்குப் பதிலா ‘ஃப்ரம்’ போட்டா தப்பு.

செயப்பாட்டுவினையில வச்சுப் பார்த்தா இது இன்னும் அழகா தெரியும். ‘ஸ்பில் த பீன்ஸ்’னா ரகசியத்தைப் போட்டு உடைக்கிறது. ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’னு திருப்பினாலும் பொருள் நிக்குது. பீன்ஸ் இருக்கிற இடத்துல ரகசியம், சிந்துறது இருக்கிற இடத்துல வெளியிடுறதுன்னு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பங்கு இருக்கு. ‘கிக் த பக்கெட்’ல அப்படிப் பிரிக்க முடியாது, மொத்தமும் சேர்ந்துதான் சாவு. ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’னு சொன்னா வாளி உருண்டதாத்தான் கேட்கிறவர் நினைப்பார்.

அதை எங்க சொல்றோம்ங்கிறதும் முக்கியம். ‘கிக் த பக்கெட்’ நம்ம ‘மண்டையைப் போட்டார்’ ரகம். தயவுசெஞ்சு துக்கம் விசாரிக்கும்போது எழுதிடாதீங்க, அங்க ‘பாஸ்ட் அவே’தான் நம்ம ‘காலமானார்’.

நோட்டுல அர்த்தத்தை மட்டும் குறிக்காம முழு வாக்கியமா எழுதுங்க. மாத்தக்கூடிய சொல்லுக்குக் கீழ கோடு போடுங்க. ‘புல்லிங் மை லெக்’ எழுதினா ‘மை’க்குக் கீழ கோடு வரும், ‘லெக்’குக்குக் கீழ வராது.