ராஜாவைக் கொன்னாங்களா, ஒரு ஆளைக் கொன்னாங்களா?

எல்லாருக்கும் வணக்கம். பழைய சீனாவுல வாழ்ந்த கன்பூசியஸ்னாலே ஒழுக்கத்த பத்தி நாலு நல்ல வார்த்தை சொன்ன பெரியவர், அங்க அறிவுரைதான் இருக்கு வாதம் கிடையாதுன்னு பலபேர் நினைக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல.

அவரோட சீடர் ட்ஸுலு ஒருநாள் கேக்குறாரு, வெய் நாட்டு ஆட்சிய உங்க கையில குடுத்தா முதல்ல என்ன செய்வீங்க? ராஜா, அப்பா மாதிரி பேர்களைச் சரி பண்ணுவேங்குறாரு கன்பூசியஸ். ஏன் இப்படி சுத்தி வளைக்கிறீங்கன்னு ட்ஸுலு கேட்டதும், அவர அதட்டிட்டு சங்கிலி மாதிரி கோத்துச் சொல்றாரு: பேரு சரியில்லன்னா பேச்சு பொருந்தாது, பேச்சு பொருந்தலன்னா காரியம் நடக்காது, அது நடக்கலன்னா சடங்கும் இசையும் தழைக்காது, அது தழைக்கலன்னா தண்டனை தப்பா விழும், கடைசில ஜனங்களுக்கு கைய எங்க வைக்கிறது கால எங்க வைக்கிறதுன்னே தெரியாமப் போயிடும்.

ஒவ்வொரு கண்ணியும் "இல்லன்னா"தான், கவனிச்சீங்களா? பேர சரிபண்ணிட்டா போதும்னு அவர் சொல்லவே இல்ல. மழை இல்லன்னா பயிர் இல்ல, அதுக்காக மழை பெஞ்சுட்டா விதைக்காமலே விளைஞ்சுடுமா? லாஜிக்ல இத தேவையான நிபந்தனைம்பாங்க, போதுமான நிபந்தனை வேற.

இப்ப கன்பூசியஸ் வழியில பின்னாடி வந்த சிந்தனையாளர் மென்சியஸ், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ச்சி நாட்டு சுவான் மன்னர் அவர்கிட்ட கேக்குறாரு, ஷாங் வம்சத்து கடைசி ராஜா சோவ் மேல அவருக்குக் கீழ இருந்த வூ படையெடுத்தாராமே, குடிமகன் தன் ராஜாவையே கொல்லலாமா? அதுக்கு மென்சியஸ், அன்பையும் நியாயத்தையும் சிதைக்கிறவன் வெறும் ஒரு ஆளு, சோவ்ங்குற ஆள வெட்டுனதா கேள்விப்பட்டிருக்கேன், ராஜாவக் கொன்னதா கேள்விப்படலன்னுட்டாரு.

மொத தடவ படிச்சப்ப வார்த்தை ஜாலம்னுதான் நினைச்சேன். அப்புறம் பேப்பர்ல வரி வரியா எழுதினேன். சோவ் அன்பையும் நியாயத்தையும் சிதைச்சான். சிதைக்கிறவன் ராஜா இல்ல. அதனால சோவ் ராஜா இல்ல, வூ கொன்னதும் ராஜாவ இல்ல. வடிவத்துல ஒரு ஓட்டை கூட கிடையாது, பாரம் பூரா அந்த ரெண்டாவது வரி மேலதான் நிக்குது. சிம்மாசனத்துல உக்காந்தவன்தானே ராஜா, நடத்தை எதுக்கு நடுவுல வருதுன்னு யாராவது கேட்டா?

அந்த வரிக்கு வேர் கன்பூசியஸ்கிட்ட இருக்கு. ச்சி நாட்ட முன்னாடி ஆண்ட ஜிங் கோமகன் ஆட்சி பத்தி கேட்டப்ப, ராஜா ராஜாவா இருக்கணும், அப்பா அப்பாவா இருக்கணும், மகன் மகனா இருக்கணும்னாரு. முதல்ல வர்ற "ராஜா" பதவி, அடுத்து வர்றது அதுக்குரிய நடத்தை. ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்னா அந்த வாக்கியம் எதையுமே சொல்லல. கன்பூசியஸ் கி.மு. 479ல போயிட்டாரு, சுவான் ஆட்சிக்கு வந்தது கி.மு. 319ல, நடுவுல 160 வருஷம், ஆனா மென்சியஸ் வெளிப்படையா சொல்லாம விட்ட வரி கன்பூசியஸ் சொன்ன வரியோட அப்படியே பொருந்துது. பேர சரிபண்றது, ட்ஸுலு சுத்தி வளைக்கிறதா நினைச்ச அதே விஷயம்!

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு. ஒருத்தன் சிதைச்சுட்டான்னு யார் தீர்மானிக்கிறது? படை வச்சிருக்கிற எவனும் இதையே சொல்லிட்டு கிளம்பிடலாமே. மென்சியஸ் வேற ஒரு எடத்துல பழைய வாக்கு ஒண்ண எடுத்துக் காட்டுறாரு, வானம் பாக்குறது ஜனங்களோட கண்ணால, கேக்குறது ஜனங்களோட காதாலன்னு. கைய எங்க வைக்கிறது கால எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னாங்களே, அதே ஜனங்க.