பழைய ஆமி டூல்ஸ் பெட்டியை இழைத்துவிடாதீர்கள்! இந்த மூன்று கோட்டில்தான் விஷயமே இருக்கிறது

(திரையில்: பெட்டி மூடியின் மூலை, மிகக் கிட்டத்தில்)

இந்த மூன்று கோடுகளையும் பாருங்கள். எந்த ஓடாவியாரிடம் கொடுத்தாலும் "அழுக்கு தம்பி" என்று சீவுளியால் இழைத்துத் தள்ளிவிடுவார். கோடு போனால் இது வெறும் பலகைப் பெட்டி. கோடு இருந்தால், இரண்டாம் உலகப் போர்க்காலச் சாமான்!

வணக்கம் உறவுகளே, மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். ஆமிப் பெட்டி என்றதும் பயந்துவிடாதீர்கள், இது வெள்ளைக்காரன் காலத்து ஆமி. 1942இல் சிங்கப்பூர் விழுந்தது, இலங்கையில் படைகள் வந்து குவிந்தன, பிறகு அவர்கள் போனார்கள், சாமான் மிஞ்சியது. வரலாறு இவ்வளவு போதும்.

ஒன்று மட்டும். விற்கிறவர் "இது ஹெர்மஸ் கப்பல் பெட்டி" என்பார். ஹெர்மஸ், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு நமது கரைக்கு அப்பால் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல். 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அங்கிருந்து பெயின்ட்கூட உரியாமல் பெட்டி எழும்பி வந்ததாம்!

சரி, கோடுகளுக்கு வருவோம். மேலே கூராகச் சேரும் இந்த மூன்று கோடும் பிரித்தானிய அரசின் அம்புக்குறி. அரச சொத்து, கை வைக்காதே என்று அர்த்தம். பீரங்கியிலிருந்து கைதிகளின் உடுப்பு வரை இதைப் பொறித்தார்கள். எனக்கு உடனே நமது மாட்டுக்குறிதான் ஞாபகம் வந்தது. படுவான்கரைப் பக்கம் மாட்டுக்குக் குறி சுடுவார்களே, பெரியவர்கள் அதைப் பார்த்தே எந்தக் குடியின் மாடு என்று சொல்வார்களே, அதே வேலை! குடிக்குக் குடி குறி மாறுவதுபோல இதுவும் மாறும். அம்புக்குக் கீழே ஆங்கில 'ஐ' (I) எழுத்து இருந்தால் இந்தியப் படை. அம்பைச் சுற்றி 'சி' (C) இருந்தால் கனடா. இரண்டு 'டி' (D) எழுத்துக்கு நடுவே அம்பு நின்றால் அவுஸ்திரேலியா. 1942இல் அவுஸ்திரேலியப் படையும் இலங்கையில் நின்றது, ஆகவே அதையும் தேடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இது: இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், முறைப்படி விற்றாகிவிட்டது என்று பொருள். கள்ள மாடு இல்லை! உங்கள் குடிக்குறி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், தனி வீடியோவே போடலாம்.

இனித் திருத்தும் வேலை. சாண்ட்பேப்பரைத் தொடவே வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும், தூசி மூச்சில் போகக் கூடாது, பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பிணைச்சலைக் கழற்றி அதன் அடியைப் பாருங்கள், வெயில் படாத அசல் நிறம் அங்கேதான் இருக்கும். பச்சைக்குப் பதிலாக மண்ணிறம் தெரிந்தால் போலி என்று நினைக்காதீர்கள். போரின் நடுவில் பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு வந்து, பிரித்தானியர் தங்கள் வாகனங்களுக்கே மண்ணிறம் அடித்தார்கள். 1944இல்தான் ஒலிவ் பச்சைக்கு மாறினார்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் மட்டும் தொட்டு அடியுங்கள், அதுவும் மங்கலான பெயின்ட். மினுங்கும் எனாமல் கலியாண வீட்டு அலுமாரிக்கு.

கழன்ற மூட்டுக்கு விலங்குப் பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகும், பின்னால் வருகிறவர் பிரித்து ஒட்டலாம். பழைய ஸ்குரூவைக் கறள் நீக்கி அதையே பாவியுங்கள். புதிது வேண்டுமென்றால் தலையில் ஒற்றை வெட்டு உள்ளதை வாங்குங்கள், சிலுவை வெட்டு பார்த்த உடனே காட்டிக்கொடுக்கும். கைபிடிக்கு மீன்பிடிக்கிற நீலக் கயிற்றைக் கட்டி "அசல் 1942" என்று விற்கிறார்கள். ஐயா, அந்தப் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்ததே 1950களில்!

கடைசியாக, உள்பக்கப் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய், மெல்லியதாக. தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறும், சுருட்டிய துணி நெருப்பே பிடிக்கலாம். வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு உளிகளை அடுக்குங்கள்.