குதிரில் தேங்கும் கொழுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

அம்மாவுக்கு ரவிக்கை தைத்துத் தரும் பாலக்கோட்டுத் தையற்காரர், போன மாதம் ஒரு பழைய ரவிக்கையை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் பிரித்துவிட்ட தையலின் தடம் இரண்டு வரிசை, ஊசிப் புள்ளிகளாகத் தெரிந்தது. மூன்றாவது தையல்தான் மிச்சம். "இதையும் பிரிச்சுட்டா அப்புறம் துணி இல்லைங்கம்மா" என்றார். அம்மாவுக்கு 68 வயது. பஸ்ஸில் வீடு வரும்வரை ஒரே புலம்பல். "அதே களி, அதே கீரைக் குழம்பு. புதுசா என்னத்தடா தின்னுட்டேன்?"

அம்மா சொல்வது பொய்யில்லை. கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன் என்பதால் இன்றைய பேச்சை அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கொழுப்பு என்றாலே நம் பக்கத்தில் திமிர் என்று ஓர் அர்த்தம் உண்டு. அது இருக்கட்டும். உடம்பிலுள்ள கொழுப்பு செல்லை, தானியம் கொட்டிவைக்கும் ஒரு குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் முழுக்க ஒரே பெரிய எண்ணெய்த் துளி. பசி நேரத்தில் நரம்பின் நுனியிலிருந்து நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, குதிரைத் திற என்கிறது. உடனே லைப்பேஸ் என்னும் நொதிகள் வேலையில் இறங்கும். ஒரு கொழுப்பு மூலக்கூறில் மூன்று கொழுப்பமிலங்கள். முதலாவதைக் கழற்றுவது ஏ.டி.ஜி.எல். என்ற நொதி. அடுத்தடுத்த இரண்டையும் வேறு இரண்டு நொதிகள் கழற்றும். சாப்பிட்டதும் இன்சுலின் வந்து, போதும் மூடு என்று சொல்லிவிடும்.

இந்த ஏ.டி.ஜி.எல். இருப்பதே 2004இல்தான் தெரிந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் கண்டுபிடித்தார்கள். அதுவரை இரண்டாவதாக வரும் நொதியைத்தான் பெரிய ஆள் என்று நம்பியிருந்தோம். நான் படித்த காலத்துப் பாடநூலிலும் அப்படித்தான் இருந்தது.

சரி, வயதானால் என்ன ஆகிறது? சுவீடனில் 54 பேரின் கொழுப்பைச் சராசரியாக 13 ஆண்டு இடைவெளியில் எடுத்துப் பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பின் வயதை அளந்த விதம்தான் சுவாரஸ்யம். 1963 வரை வெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 கூடி, அப்புறம் படிப்படியாகக் குறைந்தது. நாம் தின்னும் சோற்றிலும் அந்த அளவு அந்தந்த ஆண்டுக்கேற்ப இருக்கும். அதை வைத்தே, இந்தக் கொழுப்பு எந்த ஆண்டு உள்ளே போனது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்! எடை கூடியவர், குறைந்தவர் எல்லாருக்குமே வயது ஏற ஏறக் கொழுப்பு வெளியேறும் வேகம் குறைந்திருந்தது. உணவைக் குறைக்காதவர்களுக்கு எடை சராசரியாக 20 சதவீதம் கூடியது. குதிரில் போடும் அளவு மாறவில்லை, எடுப்பது குறைந்துவிட்டது. அம்மாவின் கதையும் இதுதான்.

கேழ்வரகை எத்தனை ஆண்டு வைத்தாலும் பூச்சி அண்டாது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கொழுப்பு அந்த ஜாதி இல்லை, தேங்கினால் வம்பு. அளவுக்கு மீறி வீங்கிய செல் செத்துப்போகும். அதைத் தின்று தீர்க்க, பெருவிழுங்கி என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வந்து வளையமாகச் சூழ்ந்துகொள்ளும். அவை கக்கும் வேதிப்பொருள்களால் அங்கே ஓயாத அழற்சி. காய்ச்சலும் வராது, வலியும் தெரியாது. ஆனால் இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போய், சர்க்கரை ஏறும்.

இந்தப் பெருவிழுங்கிகள் செய்யும் இன்னொரு வேலை 2017இல் வெளிவந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கிழட்டு எலிகளை வைத்துப் பார்த்தார்கள். கொழுப்பிலுள்ள நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பெருவிழுங்கிகள், நார்அட்ரினலினை வழியிலேயே உறிஞ்சிச் சிதைத்துவிடுகின்றன. அணை வாய்க்காலில் தலைமடைக்காரர் மோட்டார் போட்டு இழுத்தால் கடைமடைக்கு என்ன வரும்? அதே கதைதான். திற என்ற சொல்லே செல்லுக்கு எட்டவில்லை. சிதைக்கும் நொதியை மருந்தால் தடுத்ததும், கிழட்டு எலியிலும் லைப்பேஸ் கூடி, கொழுப்பு மறுபடி கரைந்தது. அழற்சியால் நொதி முடங்குகிறது, நொதி முடங்கினால் கொழுப்பு தேங்குகிறது, தேங்கினால் மறுபடி அழற்சி.

அப்படியென்றால் நொதியை முடுக்கிவிட மாத்திரை கொடுத்தால் போதாதா? போதாது. கரைந்து வரும் கொழுப்பமிலமே பெருவிழுங்கிகளைக் கூப்பிடும் என்பதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். எடை குறையத் தொடங்கும் நாட்களில் அவற்றின் கூட்டம் கூடுகிறது, ஏ.டி.ஜி.எல். குறைவாக இருந்தால் கூட்டமும் குறைகிறது. குதிரைத் திறந்தால் மட்டும் போதுமா, வெளியே வந்த தானியத்தை ஆக்கித் தின்ன ஆள் வேண்டாமா? நடக்கும்போது அந்த ஆள் நம் தசைதான். "கொழுப்பைக் கரைக்கும் பொடி" என்று சந்தையில் டப்பாவில் விற்பவரிடம், கரைந்தது எங்கே போகும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் அம்மாவிடம் சொன்னேன். குண்டு, எலி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப களிய குறைக்கணும், அவ்ளோதானே" என்றாள். இரண்டு உருண்டை ஒன்றரை ஆகியிருக்கிறது. சாயங்காலம் ஏரிக்கரை வரை நடக்கிறாள். மீதி அரை உருண்டையை வீணாக்கக் கூடாதென்று அப்பாவின் தட்டில் போட்டுவிடுகிறாள். அதை நான் இன்னும் கேட்கவில்லை.

வணக்கம்.