பேயனும் பேய்க்காட்டலும்

பெரியவர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

‘ஏதாவது முசுப்பாத்தியாகப் பேசுங்கோ சேர்’ என்று வாசிகசாலைத் தம்பிமார் கேட்டார்கள். சரி, முசுப்பாத்தியைப் பற்றியே பேசிவிடுவோம் என்று வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அதை ‘ஃபன்’ என்பார்கள். தமிழ்நாட்டில் ‘பன்’ என்று எழுதினால் தேநீர்க்கடைப் பண்டம் ஆகிவிடும். நாங்கள் அதைப் பணிஸ் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இன்றைக்குக் கசூரினாக் கடற்கரையில் குளிப்பதும் ஃபன், பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் பார்ப்பதும் ஃபன். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சொல் தலைகாட்டியபோது அது ஒரு வினைச்சொல். ஒருவரை ஃபன் பண்ணுவது என்றால் அவரை ஏமாற்றுவது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால், பேய்க்காட்டுவது. அதற்கும் முந்திய ஆங்கிலத்தில் ‘ஃபொன்’ என்று ஒரு சொல் இருந்தது. முட்டாள், நம்மூர்ப் பேச்சில் பேயன், என்று பொருள். அதிலிருந்துதான் ஃபன் பிறந்திருக்கும் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலருடைய எண்ணம். பேயனையும் பேய்க்காட்டலையும் ஒரே வாயால் சொல்லி வளர்ந்த நமக்கு இது புதினமா என்ன?

அந்த ‘ஃபொன்’னுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு: ‘ஃபொண்ட்’. இன்று அதற்கு ஆசை, பிரியம் என்று பொருள் எழுதுகிறோம். முன்பு அதுவும் முட்டாள்தனம்தான். புத்தி கெட்டவனைச் சொன்ன சொல், ஒன்றின் மேல் புத்தி கெட்டுப்போய் நிற்பவனுக்கு வந்து, பிறகு வெறும் பிரியமாக இளகிவிட்டது. ‘அவனுக்குக் கிரிக்கெட் எண்டால் விசர்’ என்கிறோமே, அதே வழிதான்.

சாமுவேல் ஜோன்சன் 1755இல் தம் பெரிய அகராதியை வெளியிட்டபோது ஃபன்னைச் சேர்த்தார். சேர்த்துவிட்டு, இது கீழ்த்தரமான குழூஉச்சொல் என்று பக்கத்திலேயே குறித்தும் வைத்தார். மனிதருக்குப் பிடிக்கவில்லை. சொல்லோ அவரைக் கேட்டு நடக்கவில்லை. ஆனாலும் பழைய குணம் முழுதாகப் போகவில்லை. ‘மேக் ஃபன் ஒஃப்’ என்றால் இன்றும் ஒருவரைப் பழித்துச் சிரிப்பதுதானே?

நம் பக்கத்தையும் பார்ப்போம். தொல்காப்பியர் நகைப்பு பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறார். எள்ளல் முதலில் நிற்கிறது. பேதைமையும் மடனும் அந்த ஆங்கில முட்டாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. சிரிப்பு என்றதுமே ஒரு பேயனைத் தேடும் பழக்கம் இரண்டு மொழிக்கும் இருந்திருக்கிறது.

பகிடி நல்ல சொல். அதோடு வதையை ஒட்டிப் பகிடிவதை என்று நாம் ஆக்கியதைப் போல நேர்மையான சொல்லாக்கம் வேறு மொழியில் உண்டோ, எனக்குச் சந்தேகம். புது மாணவரை மூத்த மாணவர் வதைக்கும் அந்த வழக்கத்தைத் தடுக்க இலங்கையில் 1998இல் 20ஆம் இலக்கச் சட்டமே வந்தது. நான் படிக்கப்போனது அதற்கு எவ்வளவோ முந்தி. முதல் கிழமை, மூத்த மாணவர் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டு, மண்டபத்தின் நீளத்தை நெருப்புக்குச்சியால் அளக்கச் சொன்னார்கள். ‘சும்மா பகிடிக்குத்தான் தம்பி’ என்றார்கள். முழங்காலில் நின்று அளந்தேன். நடுவில் எண்ணிக்கை பிசகி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். முடித்து நிமிர்ந்தபோது பொழுதுபட்டுவிட்டது. எத்தனை குச்சி என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.