கடன் கையை அளக்கிறார்கள், வரவுக் கையை அளப்பதில்லை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெங்களூரு நெரிசலைத் தாண்டி வந்திருக்கும் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். மாநிலங்களின் கடன் பெருகக் காரணம் அவற்றின் செலவா, வரிக்கும் கடனுக்கும் வகுத்த விதிகளா என்ற தலைப்பில், விதிகளே என வாதிட வந்திருக்கிறேன்.

கட்டுப்பாடு இல்லாவிட்டால் மாநிலங்கள் இலவசங்களுக்காகவே கடனைக் குவிக்கும் என்றார் எதிரணி நண்பர். நாம் அமர்ந்திருக்கும் இந்தக் கர்நாடகம், மத்திய அரசு தனக்கென 2003-இல் சட்டம் இயற்றுவதற்கு முன்பே, 2002-இல் கடனுக்கும் பற்றாக்குறைக்கும் வரம்பு கட்டும் நிதிப் பொறுப்புச் சட்டத்தை நிறைவேற்றிய முதல் மாநிலம் என்பதை அவர் மறந்துவிட்டார். வரம்பே வேண்டாம் என்பதல்ல எங்கள் வழக்கு. ஆண்டுக் கடன் மாநில உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கடன் வாங்கும் கையை அளப்பவர்கள், அந்த மாநிலத்தின் வரவை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்பதே இல்லை.

2017 ஜூலை 1-இல் சரக்கு, சேவை வரி வந்த பிறகு எந்த மாநிலமும் அதன் விகிதத்தைத் தனியாக மாற்ற முடியாது. விகிதத்தை முடிவுசெய்யும், மத்திய, மாநில அமைச்சர்கள் அமர்ந்த கவுன்சிலில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு மத்திய அரசுடையது. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்பதால், மத்திய அரசு விரும்பாத எதுவும் அங்கே நிறைவேறாது. மாநிலங்களின் வரி வரவு ஆண்டுக்கு 14 சதவீதம் வளரும் என உறுதியளித்து, குறைந்ததை ஈடுகட்டிய இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்தது. மத்திய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்கிறார்கள். செஸ் எனும் தனி நோக்க வரியும், வரிமேல் போடும் கூடுதல் வரியும் அந்தக் கணக்கிலேயே சேராது. மாநிலங்களுக்குப் பிரிக்கும் அந்தத் தொகையில் கர்நாடகத்தின் பங்கோ, பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதி ஆணையங்களில் 14-ஆவதன் 4.713 சதவீதத்திலிருந்து 15-ஆவது ஆணையத்தில் 3.647-ஆகச் சுருங்கியது. மாநிலத்துக்கென்று மிஞ்சியவை பெட்ரோல், டீசல், மது, முத்திரைக் கட்டணம், வாகன வரி ஆகியவை. அதனால்தான் 2024 ஜூனில் இங்கே பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 3 ரூபாய் ஏறியது. (மது விலை ஏறியதை மட்டும் யாரும் மேடையில் முறையிடுவதில்லை.)

இப்படி வரவு இறுகும்போது கடன் குறைவதில்லை, வாரியங்களின் பெயரில் கணக்குக்கு வெளியே போகிறது. அதையும் மத்திய அரசு கடன் வரம்பில் சேர்த்ததை எதிர்த்துத்தான் கேரளம் உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்கு 2024 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மத்திய அரசு உத்தமராக இருந்ததா? உணவு மானியத்துக்கான பணத்தை இந்திய உணவுக் கழகத்தின் பெயரில் சிறுசேமிப்பு நிதியிலிருந்து பல ஆண்டுகள் கடனாக எடுத்தது அதே அரசுதான்.

இன்னொன்றையும் நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டும். மத்திய அரசுக்குத் தரவேண்டிய கடன் நிலுவையில் இருக்கும்வரை, மாநிலம் புதுக் கடன் திரட்ட அதன் இசைவைப் பெற வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 293(3). 2020-21 முதல் மூலதனச் செலவுக்கென வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். வட்டி இல்லை, மெய்தான். தவணைக்காலம் 50 ஆண்டுகள். அன்று வாங்கிய கடன் 2070 வரை நிலுவையில் நிற்கும். அதுவரை இசைவு கேட்டுத்தான் நிற்க வேண்டும். நன்றி, வணக்கம்.